தன்யாவின் தோலுக்கு நான்கு இன்சார்ஜ்

1. மறுபடியும் டியூட்டி

அரசு மருத்துவமனைத் தோல் வார்டில் சிஸ்டராகச் சேர்ந்து, இன்சார்ஜாகி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் எல்லோரும் "இனி நிம்மதியாக இருங்கள்" என்று வாழ்த்தினார்கள். வாழ்த்தியவர்கள் யாரும் பெங்களூரு அல்சூரில் என் வீட்டு மாடியில் குடியிருப்பவர்களைப் பார்த்ததில்லை.

மாடியில் கேப் ஓட்டும் சம்பத், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் அவர் மனைவி ரேவதி, சம்பத்தின் அக்கா கற்பகம். இந்த மூவருக்கும் நடுவில் மூன்றரை வயது தன்யா. டிசம்பரில் ஒரு காலை, பள்ளிக்குப் போன குழந்தையை ரேவதி பையோடும் தண்ணீர் பாட்டிலோடும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து என் கதவைத் தட்டினாள்.

"சிஸ்டர், ப்ளே ஸ்கூல்ல கேட்லயே நிறுத்திட்டாங்க. மத்த புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமாம். நல்லா ஆன அப்புறம் கூட்டிட்டு வாங்கன்றாங்க. அடுத்த மாசக் கடைசில ஸ்கூல் டே. இவள சூரியகாந்திப் பூவா போட்டிருந்தாங்க. இப்போ வேற புள்ளய பாக்கறாங்களாம்."

தன்யா முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே, "நான்தான் பூ" என்றாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், மணிக்கட்டு, கழுத்து எல்லாம் சிவந்து வறண்டு, நகம் பட்ட கோடுகளோடு இருந்தன. எக்ஸிமா. கைக்குழந்தையாக இருந்தபோதே வந்து, போய், வந்துகொண்டிருப்பது. கட்டிப்பிடித்தாலும் ஒட்டாது. மஞ்சள் பொருக்கு, நீர்க்கசிவு, காய்ச்சல் உண்டா என்று தேடினேன். இருந்திருந்தால் அது வீட்டுக் கேஸ் இல்லை, அன்றைக்கே டாக்டர். நல்லவேளை, இல்லை.

தோல் டாக்டரிடம் அவர்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள். டாக்டர் எழுதியதெல்லாம் சரியாகவே இருந்தது. வீட்டில் நடந்தது எதுவும்தான் சரியில்லை.

2. ரவுண்ட்ஸ்

மறுநாள் மாடிக்கு ரவுண்ட்ஸ் போனேன். சம்பத் குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு மூடிதான் சிஸ்டர். சும்னே, சும்மா ஒரு சேஃப்டிக்கு."

கற்பகம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைத்திருந்தாள். வாளியில் கோழி உரிக்கிற சூட்டில் தண்ணீர். ரேவதியோ, டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு ஆயின்மெண்டைக் கடுகளவு தொட்டுவைத்து, மறுநாளே நிறுத்திவிடுகிறவள்.

"பயமா இருக்கு சிஸ்டர். தோலே போயிடும்னு வாட்ஸ்அப்ல போட்டிருந்தாங்க."

"வாட்ஸ்அப்பு எந்த காலேஜ்ல எம்.டி. படிச்சுது?" என்றேன். "டாக்டர் சொன்ன எடத்துல, சொன்ன அளவு, சொன்ன நாள் வரைக்கும் போடணும். ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம். இப்படிப் பயந்து பயந்து தொட்டு வெச்சா நோயும் போவாது, டியூபும் தீராது."

தோல் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஷிஃப்டில் ஒரு நோயாளிக்குக் குளியலும் மருந்தும் ஒரே ஆளின் பொறுப்பு. அடுத்த ஷிஃப்டு வந்ததும் கட்டிலருகே நின்று, என்ன செய்தோம் என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஹேண்டோவர் முடியாமல் வேறு யாரும் நோயாளியைத் தொடக்கூடாது. மாடியிலோ ஒரு குழந்தைக்கு மூன்று இன்சார்ஜ். என்னையும் சேர்த்தால் நான்கு. ஆகவே வார்டு சட்டத்தை மாடியில் அமல்படுத்தினேன்.

செய்முறை எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று முடிகிற குளியல். டாக்டர் எழுதிய, வாசனையில்லாத வாஷ் மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்க மாய்ஸ்சரைசர், கஞ்சத்தனம் இல்லாமல். ஆயின்மெண்ட் சிவந்த இடத்துக்கு மட்டும். இரண்டையும் உள்ளங்கையில் ஒன்றாகக் குழைக்கக்கூடாது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும்.

முதல் ஹேண்டோவர் மாடிப்படியில் நடந்தது. சம்பத் கார் சாவியோடு விறைப்பாக நின்றார்.

"அக்கா, பேஷண்ட் குளிச்சாச்சு. க்ரீம் போட்டாச்சு. ஆயின்மெண்ட் கைக்கும் காலுக்கும் கழுத்துக்கும் போட்டாச்சு."

"போடா, பெரிய டாக்டரு" என்றாள் கற்பகம்.

அவள் இடுப்பிலிருந்த தன்யா கையைத் தூக்கி, "பேஷண்ட்டுக்கு தோசை வேணும்" என்றாள்.

3. ஆரஞ்சு ஸ்வெட்டர்

முழங்கையும் முழங்காலும் அடங்கின. கழுத்தும் மணிக்கட்டும் அடங்கவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தும் இரண்டு இடம் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றால், முறை தெரிந்தவளுக்கு வரும் கோபம் தனி. வாஷை மாற்றினார்களா என்று ரேவதியை விசாரித்தேன், தண்ணீரில் ஊற்றினாரா என்று சம்பத்தை விசாரித்தேன். இருவரும் நிரபராதிகள்.

ஒரு காலை, தன்யாவின் குளியல் முடிந்த கையோடு நானே மாடியேறினேன். கை வைக்காத மெல்லிய ஷிம்மியின் மேல் தடித்த ஆரஞ்சு நிறக் கம்பளி ஸ்வெட்டரை மாட்டி, தலைக்கு மங்கி கேப் இழுத்துக்கொண்டிருந்தாள் கற்பகம். ஜன்னலில் நல்ல வெயில். குழந்தையின் மூக்கில் வியர்வை.

"குளிரு பாருங்க சிஸ்டர்! சளி புடிச்சுக்கிச்சுன்னா?"

வானத்தில் ஒரு மேகம் வந்தாலே இந்த ஊர்ப் பிள்ளைகள் கம்பளிக்குள் காணாமல் போவார்கள். அதைக் கடுமையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நானும் ஸ்வெட்டரில் இருந்ததால் குரல் எடுபடவில்லை. குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றிக் காட்டினேன். கம்பளியின் கழுத்துப் பட்டையும் கைப்பட்டையும் இறுக்கி உரசிய இடமும் சிவந்த இடமும் ஒன்றாகவே இருந்தன. வியர்வையும் கம்பளியும் சேர்ந்தால் அந்தத் தோல் சும்மா இருக்காது. மெல்லிய பருத்தியில் முழுக்கைச் சட்டை போதும், குளிர்ந்தால் மேலே இன்னொரு பருத்திச் சட்டை என்றேன்.

கற்பகத்தின் முகம் விழுந்துவிட்டது. "என் கையால பின்னுனது சிஸ்டர். இவ வளர வளர பிரிச்சுப் பிரிச்சு பெருசு பண்ணுவேன்."

இதற்கு எந்த நர்ஸிங் புத்தகத்திலும் செய்முறை கிடையாது. தன்யாதான் வழி கண்டுபிடித்தாள். ஸ்வெட்டரை இழுத்துக்கொண்டுபோய், சமையலறை மூலையில் இருந்த குடிதண்ணீர்க் கேனுக்கு மாட்டினாள். கழுத்தில் மங்கி கேப்பையும் கவிழ்த்தாள்.

"அத்தை, இவனுக்குத்தான் குளிரு. இவனுக்கு அரிக்காது."

கற்பகம் முதலில் முறைத்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கேன் மாற்ற வந்த ஆள், "அக்கா, இவரையும் சேத்து எடுத்துட்டுப் போகணுமா?" என்று கேட்டாராம்.

4. சூரியகாந்தி

தோல் அடங்கியதும் ப்ளே ஸ்கூலுக்கு நானும் போனேன். மிஸ் நல்ல பெண், கன்னடக்காரர். "நான் ஒப்புக்கறேன் மேடம். பேரெண்ட்ஸ் ஒப்பணுமே" என்று தயங்கினார். கேட்டில் நான்கைந்து அம்மாக்கள் எட்டியே நின்றார்கள். தன்யாவின் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவர்களிடம் சொன்னேன்.

"என் சர்வீஸ் பூரா இந்த மாதிரி புள்ளைங்களத்தான் தூக்கினேன். ஒட்டறதா இருந்தா முதல்ல எனக்கில்ல ஒட்டியிருக்கணும்? பாருங்க, எனக்குச் சுருக்கம்தான் வந்திருக்கு."

ஓர் அம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மற்றவர்களால் முறைப்பாக நிற்க முடியவில்லை. மிஸ் கேட்டைத் திறந்தார். பூவும் திரும்பக் கிடைத்தது.

ஆனால் பூவின் உடை மஞ்சள் நைலான் வலை, ஓரமெல்லாம் ஜரிகை. பார்த்தவுடன் எனக்கே அரித்தது. கற்பகம் அதை வாங்கி, பழைய மல் வேட்டியைக் கிழித்து உள்ளே முழுக்க லைனிங் தைத்தாள். தையல் விளிம்பு ஒன்றுகூட உடம்பில் படவில்லை. சோதித்துப் பார்த்த நான் குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

ஸ்கூல் டே அன்று மேடையில் விளக்குகள் எரிந்தன, நைலான் சூடேறியது. ரோஜா கழுத்தைச் சொறிந்தது. தாமரை முதுகைத் தூணில் தேய்த்தது. மல்லிகை பாவாடையையே தூக்கிச் சொறிய, மிஸ் ஓரத்திலிருந்து "சொறியாதே, சொறியாதே" என்று கை காட்டிக்கொண்டிருந்தார். சூரியகாந்தி மட்டும் இதழ்களை விரித்து, பாட்டு முடியும்வரை நிமிர்ந்து நின்றது. ரேவதி நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினாள். சம்பத் வீடியோ எடுக்கிறேன் என்று தன் கட்டைவிரலை எடுத்துக்கொண்டிருந்தார்.

கற்பகம் என் விலாவில் இடித்தாள். "சிஸ்டர், அந்த ரோஜாப்பூக்கு ஒட்டிக்கிச்சு போல."

எக்ஸிமா போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. காற்று வறண்டால் எட்டிப் பார்க்கும், இவர்கள் கவனித்து அனுப்புவார்கள். புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். செய்முறையைச் சொல்வதற்கு முன், வீட்டில் யார் யார் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது முகம் சுளிக்காதீர்கள். அந்தத் தோலில் அவர்கள் தேய்த்ததெல்லாம் அன்பினால் தேய்த்தது. அந்த அன்பை நிறுத்தச் சொல்லாமல், அதற்கு வேறு வேலை கொடுங்கள். தையல் தெரிந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.