பாட்டு ஏற்றும் கடை

லேப்டாப்பின் சூட்டுக்காற்று ஈர ஸ்வெட்டர் கையில் பட்டுப் புழுங்கல் வாசம் எழும்போதெல்லாம், குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ராஜு அண்ணன் நடத்திய, இப்போது கோழிக்கடையாகிவிட்ட, மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் கடைக்குள் போய்விடுகிறேன்.

மழைக்காலத்தில் ஸ்கூல் விட்டு ஜெகதளா பஸ் வரும்வரை நாங்கள் அங்கேதான் நிற்போம். கம்ப்யூட்டரின் முதுகில் விறைத்த விரல்களை வைத்தால் அது பூனைபோல உறுமிக்கொண்டே சூடு தரும், திரையில் பச்சைக்கோடு மெல்ல நகர்ந்து பாட்டுகள் கார்டுக்குள் இறங்கும், அண்ணன் யாரையும் போகச் சொல்லமாட்டார்.

அப்பாவின் போனில் நான் பாடிப் பதிந்த பாட்டொன்று, ஏற்றக் கொடுத்த கார்டிலேயே கிடந்தது. அதைக் கேட்டுவிட்டு அண்ணன், "நல்லா பாடறே கண்ணு, யாருக்கும் குடுக்கமாட்டேன்" என்றார். சில நாளிலேயே பஸ் ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. நான் மூக்கை உறிஞ்சுவதும் அம்மா உள்ளிருந்து திட்டுவதும் சேர்ந்தே வர, பஸ்ஸே சிரித்தது.

"ஏனுங்கண்ணா, குடுக்கமாட்டேன்னீங்களே?"

"டிரைவர் ஏதாச்சும் புதுசா போடுன்னாரு, போட்டுக் குடுத்தேன். இதுக்குப் போயி அழுவறே? வா, கைய வெச்சுக்கோ" என்று கம்ப்யூட்டர் பக்கம் இடம் விட்டார்.

போன் நம்மை ஒட்டுக்கேட்கிறது என்று ஆபீசில் பயந்து பேசும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். ஒவ்வொரு ஆப்பும் மைக்கைத் தொடுமுன் அனுமதி கேட்கிறது. நானும் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றே அழுத்துகிறேன். முகமில்லாத போன்கூட என்னிடம் கேட்கிறது. என் கைக்குச் சூடு கொடுத்தவர்தான் கேட்கவில்லை.