தீர்த்தகிரிக்கு நான் எடுத்த மார்பளவு

காரிமங்கலத்துல தீர்த்தகிரி ஒரு இடத்துல உக்காந்திருந்ததை யாராச்சும் பார்த்திருந்தா வந்து சொல்லட்டும். டீயைக் கூட நடந்துகிட்டேதான் குடிப்பான். என் கடையில ஸ்டூலை இழுத்துப் போட்டா, அதைத் தூக்கி எடை பார்ப்பான். பஸ் வர நேரமாகும்னா அடுத்த ஸ்டாப்புக்கு ஓடிப் போய் அங்க ஏறுவான். அவன் வந்தா எனக்கு எரிச்சல். ரெண்டு நாள் வரலேன்னா அதைவிட எரிச்சல்.

நான் தாவூது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை. அவனும் நானும் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஒரே பெஞ்சு. பெஞ்சுன்னு சொல்றது எனக்குத்தான், அவன் நின்ன நேரம்தான் ஜாஸ்தி. அவங்கப்பா விட்டுட்டுப் போன மானாவாரிக் காட்டுல ராகியும் கொள்ளும் போடுவான். மழை வந்தா வெளையும். அறுபத்தி அஞ்சுக்கு அப்புறம் எங்க வந்துச்சு? அவன் பொண்டாட்டி செல்லி ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைக்கப் போனா. அந்தப் புள்ள கை காச்சு வெடிச்சுக் கெடந்ததைப் பார்த்தப்புறம்தான் இவனுக்குப் போலீஸ்ல சேரணும்னு புத்தியில ஏறுச்சு. மாசம் பொறந்தா சம்பளம், செல்லி வூட்ல இருக்கலாம். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அறுபத்தி எட்டுல மொதத் தடவை தர்மபுரிக்கு ஆளெடுப்புக்குப் போனான். ஓட்டத்துல மொதல் ஆளு, உயரம் சரி, கயிறு ஏறுனதும் சரி. மார்புதான் காலை வாரிடுச்சு. சும்மா நிக்கும்போது முப்பத்திரண்டு அங்குலம் இருக்கணும், மூச்சிழுத்தா இன்னும் ரெண்டு கூடணும். இவனுக்கு முப்பத்தி ஒண்ணு. வெளிய தள்ளிட்டாங்க. அங்கிருந்து நேரா என் கடைக்கு வந்து, டேப்பும் கையுமா இருக்கறவன் நீதானே, எனக்கு மார்பு வளர்த்துக் குடுன்னான். சட்டை தைக்கச் சொல்ற மாதிரி கேக்குறான் பாருங்க.

எனக்குக் கொஞ்சம் தெரியும். மொகரத்துக்குக் கம்பு சுத்துற ஜமாவுல நான் பதினாலு வயசுலருந்து ஆளு. தண்டால், கர்லாக்கட்டை எல்லாம் எங்களுக்குப் பழக்கம். சரின்னு ஏரிக்கு வரச் சொன்னேன். ஏரியில தண்ணி ஏது, வெறும் மண்ணுதான். விடிஞ்சதும் ரெண்டு பேரும் அங்க போயிடுவோம்.

ரெண்டு பக்கமும் செங்கல் வெச்சு, கை அதுமேல, மார்பு நடுவுல மண்ணைத் தொடுற அளவுக்கு எறங்கணும்னு தண்டாலை மாத்தினேன். வெறுந்தரையில ஆயிரம் போடுறதைவிடச் செங்கல் வெச்சு முப்பது போடுறது மார்பை விரிக்கும். எறங்கும்போது மூச்சை இழு, எழும்பும்போது விடு. கர்லாக்கட்டையை முதுகுக்குப் பின்னால சுத்தும்போது இடுப்பை ஆட்டாதே, தோள் மட்டும் வேலை செய்யட்டும். நடுவுல அலுப்புத் தட்டக்கூடாதுன்னு கம்பும் எடுத்துக் குடுத்தேன். கம்பு நுனியைப் பார்க்காதே, எதிராளி தோளைப் பாரு, தோள் அசையாம அடி வராது. மணிக்கட்டை இறுக்கினா கம்பு நின்னுடும்டான்னு தலைபாடா அடிச்சுக்குவேன். அவன் கம்பைப் பிடிக்கிறது ஏதோ திருடன் கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கும்.

மூச்சுதான் பெரிய பாடு. தெருவுல நடக்கும்போதெல்லாம் நெஞ்சைத் தூக்கிகிட்டே நடப்பான். டேய், முழுசா வெளிய விட்டாத்தான் முழுசா உள்ள போகும், எந்நேரமும் ஊதிகிட்டே திரிஞ்சா ஆளெடுப்புல போய் எதை இழுப்பேன்னு கேட்டேன். ஒரு நாளைக்கு இருபது தடவை மெதுவா விட்டுப் பழகுன்னேன். அதைச் செஞ்சான். அதையும் நடந்துகிட்டேதான் செஞ்சான்.

அவன் கேக்காதது ஒண்ணே ஒண்ணுதான். தண்டால் போட்ட மறுநாள் சும்மா இருக்கணும். சதை வலிக்குதுன்னா அது வளர்ற நேரம், அப்போ தின்னுட்டுத் தூங்கணும். சும்மா இருடாங்கிறது அவன் காதுக்கு ஏறவே ஏறாது. ஆனாலும் மொத வருசம் நான் பக்கத்துலயே நின்னு கத்துனதால அடங்குனான். வூட்டுக் கோழி போட்ட முட்டையை ஒண்ணுகூட விக்காம செல்லி இவனுக்கே குடுத்தா. கடலையும் களியும் நல்லாத் தின்னான். தேறினான்.

வாரா வாரம் சந்தை நாள்ல கடைக்கு வந்து கையைத் தூக்கிகிட்டு நிப்பான், நான் டேப் சுத்திப் பார்ப்பேன். அறுபத்தி ஒம்போது ஆடியில முப்பத்தி மூணு காட்டுச்சு. அன்னிக்கு என்னைத் தூக்கிகிட்டுப் பஸ் ஸ்டாண்டைச் சுத்தி வந்தான். எனக்கும் பெருமை தாங்கல.

இங்கதான் நான் செஞ்ச தப்பைச் சொல்லணும். டெய்லர் மார்பளவு எடுக்கும்போது டேப்புக்குள்ள ரெண்டு விரலை விட்டுத்தான் எடுப்பான். இல்லேன்னா சட்டை ஒடம்பைப் பிடிக்கும். பத்து வருசமா அப்படியே எடுத்து எடுத்து, விரல் உள்ள இருக்குதுங்கிறதே எனக்கு நெனப்பு வராது. இவனுக்கும் அப்படித்தான் எடுத்திருக்கேன். முப்பத்தி மூணுல என் விரல் முக்கால் அங்குலம். அப்பவும் தப்பில்ல, முப்பத்திரண்டே கால் இருந்தான். தேறிடுவான்.

மார்கழியில கடுதாசி வந்துச்சு, தை இருபது வாக்குல ஆளெடுப்பு. போலீஸ்ல சேர்ற வயசு அந்த வருசத்தோட முடியுது, இதை விட்டா அவனுக்கு வேற இல்ல. அவ்வளவுதான், ஆளு பழையபடி பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிட்டான். காலையில பாலக்கோட்டு ரோட்டுல ஓட்டம், சாயங்காலம் மலைக்கோயில் படியில ஓட்டம், நடுவுல தண்டால். களியைக் கொறைச்சுட்டுக் கொள்ளுத் தண்ணி குடிச்சான், ஒடம்பு லேசாகுமாம். லேசாக்க அவங்கிட்ட என்ன இருந்துச்சு? எனக்குப் பொங்கல் துணி குவிஞ்சு கெடந்துச்சு, ஏரிப்பக்கம் போயே ஒரு மாசம் ஆச்சு. தூங்கவே மாட்டேங்கிறாருங்கண்ணான்னு செல்லி வந்து சொல்லிட்டுப் போனா. நானும் சொல்றேன் சொல்றேன்னுட்டு மெஷினை மிதிச்சுகிட்டிருந்தேன்.

ஓடுற ஓட்டத்துல ஒரு மாசமா அவன் அளவெடுக்கவும் வரல. பொங்கல் முடிஞ்ச மறுவாரம் வந்தான். சட்டையக் கழட்டிட்டுக் கையைத் தூக்கினான். அன்னிக்கு எங்கையில சாக்பீசு இருந்துச்சு, விரல் உள்ள போகல. டேப்பை அப்படியே இழுத்துப் பிடிச்சேன். முப்பத்தி ஒண்ணே முக்கால். எங்கேயோ தப்புன்னு மறுபடி இழுத்தேன். அதேதான். அப்பத்தான் இத்தனை நாளா என் விரலையும் சேர்த்து அளந்தது எனக்கு வெளங்குச்சு.

எவ்வளவுடான்னு கேட்டான். அவன் மூஞ்சியப் பார்த்தேன். கண்ணு உள்ள போயிருந்துச்சு, ஆனா ஒரே வெளிச்சம். முப்பத்தி மூணுன்னேன்.

ஏன் சொன்னேன்? நெசத்தைச் சொன்னா இன்னும் ஓடுவான், ஓடியே செத்துடுவான்னு நெனச்சதா ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிகிட்டிருந்தேன். அது பாதிதான். ரெண்டு வருசமா பெரிய வாத்தியார் கணக்கா பேசிட்டு, டேப் பிடிக்கவே தெரியலைன்னு எப்படி ஒத்துக்கிறது? கடையில வேற நாலு பேரு துணிக்கு நின்னாங்க. அவன் கெளம்பினாப் போதும்னு இருந்துச்சு. வெக்கக்கேடுதான், ஆனா அதுதான் நெசம். அன்னிலருந்து ஆளெடுப்புக்குச் சரியா பத்து நாளு. தெனமும் போய்ச் சொல்லிடணும்னு கெளம்புவேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன், திரும்பி வந்து பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க உக்காந்துடுவேன். ரெண்டு சட்டைக்குக் காலரைத் தலைகீழாத் தைச்சுட்டுப் பிரிச்சேன்.

ஆளெடுப்பு அன்னிக்கு மத்தியானம் வந்துட்டான். ஓட்டத்துல இந்தத் தடவையும் மொதல் ஆளாம். மார்புக்கு டேப் பிடிச்சவர் இறுக்கிப் பிடிச்சாராம். கால் அங்குலம் பத்தலை. காரிமங்கலத்து டெய்லரு முப்பத்தி மூணுன்னு அளந்தாருங்க ஐயான்னு இவன் கெஞ்சியிருக்கான். வரிசையில நின்னவங்கெல்லாம் சிரிச்சிருக்காங்க.

பக்கத்து டீக்கடையில விசயம் தெரிஞ்சுபோச்சு. தாவூது பாயி இவன் பொழப்பைக் கெடுத்துட்டாருன்னு யாரோ சொன்னாங்க. தீர்த்தகிரி அவங்ககிட்ட சண்டைக்குப் போனான். தாவூது மேல தப்பில்ல, சட்டைக்கு அளக்கிறது வேற, அவனுக்கு எப்படித் தெரியும்னான். ரெண்டு வருசம் எனக்காக மண்ணுல வந்து கெடந்தவன்யான்னான். அதைக் கேட்டப்புறம் மறைக்கத் தோணல. அவன் கையப் பிடிச்சுக் கடைக்குள்ள இழுத்துட்டுப் போயி, கதவை ஒருக்களிச்சு வெச்சேன்.

"எனக்குத் தெரியும்டா. பொங்கலுக்கு மறுவாரம் வந்தே இல்ல, அன்னிக்கே தெரியும். முப்பத்தி ஒண்ணே முக்கால்தான் இருந்துச்சு."

அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா வாங்கிகிட்டு நல்லாத் தூங்கியிருப்பேன். அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான்.

"அப்ப பத்து நாளு இருந்துச்சு. ஓடாம, தின்னுட்டுப் படுத்திருந்தா கால் அங்குலம் ஏறியிருக்கும். நீதானடா அப்படிச் சொல்லிக் குடுத்தே?"

ஏறியிருக்கும்னேன். பொய் சொல்ல இனி என்ன இருக்கு. அவன் சட்டையப் போட்டுகிட்டு வெளிய போயிட்டான்.

அப்புறம் அவன் பெங்களூர் லாரியில மூட்டை ஏத்துற ஆளாப் போனான். அதுலயும் ஓட்டமும் ஆட்டமும்தான், மத்தவங்க ஒரு மூட்டை தூக்குற நேரத்துல ரெண்டு தூக்குவானாம். எங்கிட்ட பேச்சை நிறுத்தல. ரோட்டுல பார்த்தா நிப்பான், கொழந்தைங்களை விசாரிப்பான், செல்லி இன்னும் ஜல்லிக்குத்தான் போறான்னு சாதாரணமா சொல்லுவான். எழுபத்தி ஆறு தீபாவளிக்கு முந்தின சந்தையில அவனைப் பார்த்தேன். கயித்துல தொங்கவிட்டு விக்கிற தைச்ச சட்டை ஒண்ணை எடுத்து, மேல வெச்சுப் பார்த்துகிட்டிருந்தான். சட்டைக்குத் தோளு எறங்கியிருந்துச்சு, கை கட்டையா இருந்துச்சு. எதுக்குடா இது, கடைக்கு வா, நான் தைச்சுத் தர்றேன்னேன். இதுவே போதும் தாவூதுன்னு அதையே வாங்கிகிட்டுப் போனான்.