மடியில் தாம்பூலப் பை, காலடியில் லேப்டாப்

முகப்பேரில் என் ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறையில்தான் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். ஜாதகம், போட்டோ, சம்பளம், விலாசம் என்று ஊரார் வீட்டு விஷயமெல்லாம் என் லேப்டாப்பில் இருக்கும். போன வருடம் அதைத்தான் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன்.

மாங்காட்டில் நான் பேசி முடித்த ஒரு நிச்சயதார்த்தம். திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். மஞ்சள், குங்குமம், தேங்காய் இருக்கிற தாம்பூலப் பையைக் காலடியில் வைக்கலாமா? அதை மடியில் வைத்துக்கொண்டு, லேப்டாப் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். முகப்பேர் வந்ததும் மடியில் இருந்ததை அணைத்தபடி இறங்கிவிட்டேன். தேங்காய் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. டெப்போவில் விசாரித்தால், அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள்.

லேப்டாப் போனதைவிட அதிலிருந்த ஒரே ஒரு விலாசம்தான் எனக்குப் பெரிய கவலை. அடித்து உதைத்த கணவனை விவாகரத்து செய்துவிட்டு, மகளோடு முத்தாபுதுப்பேட்டையில் குடியிருக்கும் பெண் அவள். மறுமணத்துக்காக என்னிடம் பதிந்திருந்தாள். அந்த ஆள் இன்னும் அவளைத் தேடிக்கொண்டிருந்தான். யாரிடமும் விலாசத்தைத் தர மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அம்பத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் தம்பிக்கு போன் செய்தேன். பாஸ்வேர்டுதான் இருக்கிறதே என்று நானே சமாதானமும் சொன்னேன். அவன் விடவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் பாஸ்வேர்டு இல்லாமலே எல்லாம் தெரியும், டிஸ்க்கில் இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கையே பூட்டியிருந்தால்தான் தப்பிக்கலாம் என்றான். அவன் கடையில் இருக்கும் மேக் கம்ப்யூட்டர், டிஸ்க்கைப் பூட்டட்டுமா என்று முதல் நாளே கேட்டதாம். என் வீட்டு மேஜைக் கம்ப்யூட்டரில் அவன் போட்டுத் தந்த லினக்ஸில், போடும்போதே அதற்கான கட்டத்தில் டிக் அடித்திருக்க வேண்டுமாம். அவசரத்தில் அடிக்கவில்லையாம். ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவன் அக்கா வீட்டில் செய்த லட்சணம் இது. என் லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ். வாங்கியதும் இமெயில் கணக்கைக் கொடுத்துத் தொடங்கியிருந்தால், புது லேப்டாப்பில் பெரும்பாலும் தானாகவே பூட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் சொல்ல முடியாது என்றான்.

வாங்கிய அன்று அது இமெயில் கேட்டு நச்சரித்ததும், நான் திட்டிக்கொண்டே கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. தம்பி சொன்னபடி போனில் அந்தக் கணக்கைத் திறந்தேன். என் லேப்டாப் பெயருக்குக் கீழே நீளமாக ஒரு மீட்பு எண் இருந்தது. அது அங்கே இருந்தால் டிஸ்க் பூட்டியிருக்கிறது என்று அர்த்தமாம். லேப்டாப்பை ஆஃப் செய்துதானே பையில் வைத்தாய், பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி ஒட்டவில்லையே என்று கேட்டான். ஆஃப் செய்திருந்தேன், எழுதி ஒட்டவும் இல்லை.

"அப்போ எடுத்தவனுக்கு அது வெறும் டப்பாதான்க்கா. பயப்படாத."

அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருந்தாலும் அவளிடம் மறைக்க மனம் வரவில்லை. போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"திரும்ப ஊடு மாத்தணுமாம்மா? பாப்பா இப்பதான் வெளிய போய் வெளையாடுது."

"வேணாம்மா. அத யாராலயும் தொறக்க முடியாது. நீ அங்கயே இரு."

போனை வைக்காமலே அவள் வாசல் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு வா என்று மகளிடம் சொல்வது எனக்குக் கேட்டது.