எடை குறைந்த இருபது நாள்

தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தேன். மலைமேல் அரியூர் நாட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது லாரியின் ஸ்டியரிங் தொப்பையில் உரசும். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பைக் குறை என்றார் நாமக்கல் டாக்டர். இரண்டாயிரம் பிறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மச்சினன் ஓர் எடை மெஷின் கொண்டுவந்தான். வெறுங்காலோடு நின்றால் அதன் தகட்டிலிருந்து உள்ளங்கால் வழியாகத் துளி கரண்டு ஏறி, உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அளக்குமாம். வயலிலிருந்து வந்து கால் கழுவிய ஈரத்தோடு ஏறினேன். முப்பத்தொன்று.

"எடை எறங்கறது பெருசில்லீங்க மாமா. இந்த நம்பர் எறங்கோணும். எடை கொறஞ்சு இது ஏறுச்சுன்னா, கரையறது கொழுப்பில்லீங்க, சதை" என்றான். தினமும் எழுந்ததும் பார்க்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அரிசியை விட்டேன். சாமைச் சோறு, கொள்ளு ரசம், லோடு இல்லாத நாளில் நடை. காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தேன். ஆறாம் நாள் தொண்ணூறு கிலோ, கொழுப்பு முப்பத்து மூன்று. பன்னிரண்டாம் நாள் எண்பத்தொன்பது, கொழுப்பு முப்பத்தைந்து. மச்சினன் சொன்ன கணக்குப்படி கரைவது சதை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் லாரிக்காரன் இளைத்தால் ஊர் ஒரே ஒரு நோயைத்தான் நினைக்கும். பெயரைச் சொல்லமாட்டார்கள், 'அந்த நோய்' என்பார்கள். என்னோடு வடக்கே ஓட்டிய இரண்டு பேர் எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவன் நான். நான் யோக்கியன் என்றால் பயப்படுவானேன்? வடக்கே ஓட்டிய நாளில், நாக்பூர் தாண்டி, ஒரே ஒரு தடவை தப்பு செய்திருந்தேன். 'ஒரே ஒரு தடவை' என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் சோறு இறங்கியது. இப்போது அப்படிச் சொல்லியும் இறங்கவில்லை.

பிள்ளைகளை என் தட்டில் கைவைக்க விடவில்லை. தட்டிலெல்லாம் அந்த நோய் தொற்றாது என்று பிறகு தெரிந்துகொண்டேன், அன்று தெரியாது. இருமல் என்று பொய் சொல்லி மனைவியை விட்டுத் தள்ளிப் படுத்தேன். டீக்கடையில் யாராவது இளைத்துவிட்டீர்களே என்றால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

இருபதாம் நாள் காலை எண்பத்தெட்டு, கொழுப்பு முப்பத்தாறு. இறங்காமல் மெஷின் மேலேயே நின்றேன். அடுப்பை விட்டு எழுந்து வந்தாள் மனைவி.

"ஏனுங்க, எதுக்கு என்னைய ஒதுக்கறீங்க?"

சொல்லிவிட்டேன். நம்பர், நோய், நாக்பூர் எல்லாம். அவள் குனிந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தகட்டை விரலால் வழித்தாள். விரல் பிசுபிசுத்தது.

மார்கழிக் குளிருக்கு மலையில் எல்லோருக்கும் குதிகால் வெடிக்கும். செருப்போடு வயலில் இறங்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதனால் படுக்கும்முன் விளக்கெண்ணெயில் மெழுகு உருக்கி உள்ளங்காலில் அப்பிக்கொள்வோம். முதல் நாள் கழுவிய காலோடு ஏறியவன், அதன்பின் தினமும் காலையில் அந்தக் காலோடுதான் ஏறியிருக்கிறேன். தகட்டில் நாளுக்கு நாள் படிந்த மெழுகு கரண்டை மறிக்க, அதையும் கொழுப்பென்று கணக்குப் போட்டிருக்கிறது மெஷின். வெந்நீரும் சீயக்காயும் கொண்டுவந்து வைத்து, கழுவிவிட்டு ஏறச் சொன்னாள். தகட்டையும் துடைத்தாள்.

இருபத்தொன்பது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"மெஷினு சொன்னது பொய். நீங்க சொன்னது?"

மறுநாள் முதல் பஸ்ஸில் நாமக்கல் போனோம். இருவரும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து, இருவருக்கும் ஒன்றுமில்லை என்று தாள் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதை இரண்டு தடவை படித்தாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது, டீ குடிக்கலாமா என்று கூடக் கேட்டேன்.

"அது எந்த வருசமுங்க?" என்றாள்.

சொன்னேன். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.

"மூத்தவ என் வயித்துல இருந்தாளுங்க அப்ப."

ஆமாம் என்றேன்.