விரிசலை முதல் படமாகப் போட்டவர்

பாறையின் மேல் ஏறியதும் அனுசியா கைப்பேசியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்கிறார். சிக்னல் இரண்டு கோடு காட்டும் வரை அந்தக் கை இறங்குவதில்லை. பிறகு, காலையிலிருந்து எங்கோ தங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. "இருக்கா?" "அக்கா இருக்கா?" "லாஸ்ட் ரேட் சொல்லுங்க." "ஹாய்." அவர் சம்மணமிட்டு அமர்ந்து, வந்த வரிசைப்படியே பதில் அனுப்புகிறார். ஒருவரையும் விடுவதில்லை. பதிலும் மாறுவதில்லை: "இருக்கு. விலை போட்டதுதான். குரங்கணிக்கு வந்து வாசிச்சுப் பாத்து எடுத்துக்கங்க."

குரங்கணிக்கு மேலே, ஜீப் மட்டுமே ஏறும் பாதையில் இருக்கிறது அவர் வேலை செய்யும் ஏலக்காய்த் தோட்டம். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். அங்கே அடுப்பைக் கவனிப்பதும், உலர்ந்த காயைத் தேய்த்துச் சலித்து மூட்டை கட்டுவதும் அனுசியாவின் பொறுப்பு. நாற்பதை நெருங்கும் வயது. உயரம் குறைவு, குரல் அதற்கு ஈடுசெய்யும். யாருடன் பேசினாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையாவது உருட்டிக்கொண்டே இருக்கும். காய் அகப்படாத இடத்தில் முந்தானை நுனியை உருட்டுவார்.

அவர் விற்க முனைந்திருப்பது ஓர் ஆர்மோனியம். தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் பாட்டுக் குழுவில் அதைத்தான் வாசித்துவருகிறார். குழுவின் தலைவர் மொக்கச்சாமி, பங்குனியில் வரும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கீபோர்டு இல்லாமல் மேடையேற முடியாது என்று முடிவுசெய்துவிட்டார். "நீ கீபோர்டோட வந்தா நீயி. இல்லாட்டி தேனியில ஒரு பய இருக்கான், அவனுக்கு வெத்தல பாக்கு குடுத்துருவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது ஆத்தா." போடிக் கடையொன்றில் பழைய கீபோர்டு ஒன்றைப் பேசி வைத்தாயிற்று. ஆர்மோனியம் கைமாறினால்தான் அது வரும். பெட்டியைப் பிரிவதில் அனுசியாவுக்கு வருத்தம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. குழுவில் தமக்குள்ள இடத்தை எவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை, அவ்வளவுதான்.

விற்பனைக்குத் தடையாக நிற்பது ஒரு விரிசல். போன மழைக்காலத்தில் மலை முழுவதும் பனிமூட்டம் இறங்கி, ஆர்மோனியத்தின் கட்டைகள் அழுத்தினால் எழாமல் ஒட்டிக்கொண்டன. ஏலத்தோட்டத்தில் நனைந்தது எதுவானாலும் போய்ச்சேரும் இடம் ஒன்றுதான். கம்பளியும் பள்ளிக்கூடப் பையும் ரேஷன் கடைத் தீப்பெட்டியும் ஸ்டோரில்தான் காய்கின்றன. அனுசியாவும் பெட்டியைக் காய்த்தட்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார். மறுநாள் கட்டைகள் ஒழுங்காக எழுந்தன. மேற்பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. சுருதி கெடவில்லை. ஆனால் அன்று ஏறிய ஏலக்காய் மணம், துருத்தியை இழுக்கும்போதெல்லாம் காற்றோடு வெளியே வருகிறது.

இணையத்தில் விளம்பரம் போட்டபோது அந்த விரிசலையே முதல் படமாக வைத்தார். தோட்டத்துக்கு ஜீப் ஓட்டும் காசிராஜனுக்கு அது பொறுக்கவில்லை.

"மெழுகக் காச்சி ஊத்தி அப்பிவிட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. நீ என்னடான்னா ஊரக் கூட்டிக் காமிக்கிற."

"போன வருசம் அடியில சருகக் கொட்டி மேல நல்ல காயப் போட்டு ஒருத்தன் மூட்ட கட்டுனான்ல. போடிக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்துச்சு. திரும்பச் சலிச்சது யாரு, நீயா?" என்றார் அனுசியா.

உள்ளே விதையில்லாத காயைப் பொக்கு என்பார்கள். கைப்பேசியில் வருகிறவர்களை அனுசியா அந்தச் சொல்லால்தான் கழிக்கிறார். "வெல மட்டும் கேட்டுட்டுப் போறவன் பொக்கு. பஸ்சேறி வர்றவன்தேன் காயி." கழிக்கப்பட்டவர்களில் பலவிதம் உண்டு. விறகு விலைக்குத் தருவீர்களா என்று ஒருவர் கேட்டார். "விறகுன்னா எங்க அடுப்புக்கே பத்தல. இங்கயே எரிச்சுக்கிறேன்" என்று பதில் போயிற்று. பூப்பாறையிலிருந்து ஒருவர் "சேச்சி, லாஸ்ட் எத்ரயா?" என்று தினமும் விசாரித்தார். அவருக்கு மட்டும் "வந்நு வாயிச்சு நோக்கு" என்று மலையாளத்திலேயே அழைப்பு போனது. வாசித்துப் பார்க்க அவர் வரவில்லை. இன்னொருவர், "உங்க போட்டோ போடுங்க அக்கா" என்றார். விரிசலின் படத்தையே மறுபடியும் அனுப்பிவிட்டு, அந்த எண்ணை முடக்கினார்.

ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் விலையே பேசவில்லை. கட்டம்கட்டமான ஒரு படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அடித்தால் முழுத்தொகையும் வந்துவிடும் என்றார். பங்குனி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அனுசியா பாறையில் அமர்ந்து அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவரையே கூப்பிட்டார். "தம்பி, காய் வாங்க வர்றவன் சாக்கோட வருவான். நீ என் சாக்க அவுக்கச் சொல்றியே. எனக்கு வர்ற காசுக்கு நான் எதுக்கு நம்பர் அடிக்கணும்?" மறுமுனை உடனே துண்டிக்கப்பட்டது. கூட வந்திருந்த காசிராஜன் தலையில் அடித்துக்கொண்டார். "அவன் உண்மையிலயே பட்டாளத்துக்காரனா இருந்தா?" "இருந்தா லீவுக்கு வருவான்ல. வரட்டும்."

இறுதியில் பஸ்சேறி வந்தவர் சின்னமனூர் விஜயகுமார். பஜனைக் குழு வைத்திருப்பவர். ஃபோனிலேயே பலமுறை பேரம் பேசி, பலமுறை வேண்டாமென்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குரங்கணியில் வந்து இறங்கினார். பஸ் திரும்பும் இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில், ஜீப்பில் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அனுசியா காத்திருந்தார்.

வந்தவர் வாசிக்கவில்லை. முதலில் முகர்ந்தார்.

"என்னக்கா, பாயாசச் சட்டிய மூடி வச்ச மாதிரி வாசம் அடிக்குது?"

"அதுக்குத் தனியா காசு வாங்கலண்ணே."

விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தார். துருத்தியின் மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தார். அனுசியாவின் விரல்களுக்கிடையே சேலை நுனி உருண்டது. கடைசியில் விஜயகுமார் பெஞ்சில் அமர்ந்து ஒரு பக்திப் பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். இரண்டாவது அடியில் கண்ணை மூடினார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார். பாட்டு முடிந்ததும் விஜயகுமார் கண்ணைத் திறந்து, முகத்தைப் பழையபடி கடுமையாக்கிக்கொண்டார்.

"ஆயிரம் கொறச்சுக்கங்க. பொளந்த பொட்டி."

"பொளந்த பொட்டிக்குத்தேன் அந்த வெல. பொளக்காததுன்னா கூடச் சொல்லியிருப்பேன்."

"ஐநூறு. வந்த பஸ்சுக்காச்சும்."

"இல்லண்ணே."

கீழே போகும் பஸ்சின் எஞ்சின் உறுமத் தொடங்கியது. விஜயகுமார் பையை எடுத்துக்கொண்டு எழுந்து சாலையைக் கடந்தார். காசிராஜன் குனிந்து, அடித்தொண்டையில் பேசினார். "வெரசா கூப்பிடு. இந்த ஆளும் போயிட்டா மொக்கச்சாமி நாளைக்கே தேனிக்குக் கிளம்பிருவாரு. ஐநூறுக்கா ஒஞ்சீட்டத் தூக்கி அந்தப் பயகிட்டக் குடுக்கப் போற?"

"கூப்பிட்டா இன்னும் ஐநூறு கேப்பாரு அண்ணே."

அவர் பஸ்சின் பக்கம் திரும்பவில்லை. பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினார். ஆர்மோனியத்தில் இடது கைக்குத் துருத்தியை அசைப்பது ஒன்றே வேலை. கீபோர்டிலோ அந்தக் கையும் மூன்று மூன்று கட்டைகளாகச் சேர்த்து அழுத்த வேண்டும். போடிக் கடைக்காரர் அதைக் காட்டிக்கொடுத்திருந்தார். அனுசியா இடது கையை மூடிய பெட்டியின் மீது வைத்து, சுண்டுவிரல், நடுவிரல், கட்டைவிரல் என்று மரத்தில் ஊன்றி அழுத்தினார்; எடுத்தார்; சற்றுத் தள்ளி மறுபடி அழுத்தினார். மோதிரவிரலும் சேர்ந்தே அழுந்தியது. முதலிலிருந்து தொடங்கினார்.

பஸ் புறப்பட்டுப் போனது. அது மறைத்திருந்த இடத்தில் விஜயகுமார் நின்றுகொண்டிருந்தார். சாலையைக் கடந்து வந்து, சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, பெட்டியின் மீது வைத்தார். விளம்பரத்தில் போட்டிருந்த முழு விலையும் இருந்தது. அனுசியா வலது கையால் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். இடது கை அழுத்துவதை நிறுத்தவில்லை.