என் பெயரில் ஒரு நிறுத்தம்

எங்கள் அலுவலகம் கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. யூரியா நெடியில் உட்கார்ந்து ஏஐ வேலை பார்ப்பவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நான் நைனார்பாளையத்துக்காரி. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர நிறுத்தி நிறுத்தி ஓட்டுது" என்று என் மாமியார் தெருவில் சொல்லி வைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

ஒரு தொண்டு நிறுவனம் மலைப்பெண்களுக்கு நர்ஸ் உதவியாளர் பயிற்சி கொடுக்கிறது. தங்க இடமும் சாப்பாடும் உண்டு. விண்ணப்பம் எழுத வேண்டாம், போனில் பேசி அனுப்பினால் போதும். அந்தக் குரலை எங்கள் ஏஐ முதலில் எழுத்தாக்கும். பிறகு பெயர், பிறந்த தேதி, படிப்பு என்று பிரிக்கும். பிறகு தகுதி பார்த்துப் பட்டியலில் சேர்க்கும். வழியில் எங்காவது தப்பு நடந்தால், படிக்குப் படி ஓட்டத்தை நிறுத்தி, அந்த நேரத்தில் அதன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, 'தொடர்' என்று அழுத்துவோம். குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பது மாதிரி. மறுபடி முதலிலிருந்து அடுப்பேற்ற வேண்டாம், நிறுத்திய இடத்திலிருந்தே போகும்.

சந்தேகம் வந்தால் ஏஐ தானாகவே நின்றுகொள்ளும்படி ஓர் இடத்தையும் வைத்திருந்தோம். அங்கே மனுஷர் ஒருவர் பார்த்து, தகுதி உண்டு அல்லது இல்லை என்று போட்டு, 'தொடர்' அழுத்தினால்தான் அது நகரும். பத்து நாளானாலும் அப்படியே காத்துக்கொண்டு நிற்கும். அந்த மனுஷர் நான். அந்த நிறுத்தத்துக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

பக்கத்து மேசை என் தோழியுடையது. திருநாவலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஆறு வருஷமாக என் குழம்பு அவளுக்கு, அவள் பொரியல் எனக்கு. என் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும், அவளுடையது எனக்குத் தெரியும். அது கூடாது என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்காமல் போனால், அவர்களைத் திருடர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. பாஸ்வேர்டையும் நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்.

சேர்க்கைக்கு முந்தின மாதம் கல்வராயன் மலையிலிருந்து வந்த பதின்மூன்று குரல்கள் என் நிறுத்தத்தில் வந்து நின்றன. பிறந்த தேதிதான் தகராறு. "பெரிய மழ பேஞ்சுதே, அந்த வருசம் சாமை அறுப்புல பொறந்தா" என்று ஓர் அம்மா தன் மகளுக்காகப் பேசியிருந்தார். ஏஐ அதை ஓர் எழுத்து பிசகாமல் எழுதியிருந்தது. எந்தக் கட்டத்தில் போடுவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை, அதனால் நின்றுவிட்டது. எனக்கு அதன் மேல் மரியாதையே வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வருகிறது?

போன் போட்டுக் கேட்கலாமென்றால் அந்த ஊர்களில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவு ஒன்றில் ஏறி நின்றால்தான் பேச முடியும். அதனால் நானே கிளம்பினேன். வெள்ளிமலை வரை பஸ், அதற்குமேல் ஜீப். இரண்டு நாள் வீடு வீடாக ஏறி இறங்கி, பள்ளிக்கூடச் சான்றிதழ்களைப் பார்த்துத் தேதிகளை நோட்டில் எழுதினேன்.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனது இரண்டாம் நாள் காலையில். மகள் பிளஸ் டூ பாஸ். இந்த இடம் கிடைக்காவிட்டால் சித்தப்பா குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போக வேண்டும், வண்டிகூடப் பேசியாகிவிட்டது. அந்தப் பெண் சான்றிதழை என்னிடம் கொடுத்துவிட்டு, அது திரும்பத் தன் கைக்கு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாப்பியா, இல்ல மிஷினு தான் பாக்குமா?" என்று அந்த அம்மா கேட்டார். மலையில் எல்லாரையும் நீ என்றுதான் சொல்வார்கள், அதில் மரியாதைக் குறைச்சல் கிடையாது.

"நானே பாப்பேங்க. என் கண்ணால பாத்துட்டுதான் அனுப்புவேன்," என்றேன்.

சாயங்காலம் மலையிறங்கி கச்சிராயபாளையத்தில் சிக்னல் வந்ததும், பதின்மூன்று தேதிகளையும் தோழிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கால் இரண்டும் கடுத்தன, வீட்டில் பிள்ளை காத்திருந்தான். உடனே கூப்பிட்டாள். "நான் உன் பேர்ல பூந்து போட்டுடறேன்டி. நீ வூட்டுக்குப் போயி படு," என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தபோது என் நிறுத்தம் காலியாக இருந்தது. பதின்மூன்றும் போய்விட்டன என்று நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கினேன். ஒன்றையாவது திறந்து பார்த்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா மாடிப்படி ஏறி வந்தார். பட்டியலில் மகள் பெயர் இல்லை. நிறுவனத்தில் போய்க் கேட்டிருக்கிறார். "கள்ளக்குறிச்சில பாத்த மேடம்தான் தகுதி இல்லன்னு போட்டிருக்காங்க" என்று என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை. மார்க்கு பத்தலையா என்று மட்டும் கேட்டார். மிஷினில் ஏதோ கோளாறு, நான் கண்டுபிடிக்கிறேன் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். தோழியே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

"நீ தேதிய போட்டல்ல?" என்று அவளைக் கேட்டேன்.

"போட்டன்டி. அதுக்கப்புறம் மிஷின்தான் எங்கியோ தள்ளிட்டுக்குது."

இரண்டு நாள் மிஷினைக் குடைந்தேன். அந்த அம்மாவின் குரலைச் சோதனைக்காக மறுபடி ஓடவிட்டு, எழுத்தானதும் நிறுத்திப் பார்த்தேன். மழையும் சாமை அறுப்பும் சரியாகவே இருந்தன. தொடர். பிரித்ததும் நிறுத்தினேன். தேதிக் கட்டம் மட்டும் காலி, மற்றதெல்லாம் சரி. தொடர். என் நிறுத்தத்தில் வந்து ஒழுங்காக நின்றது. நோட்டைப் பார்த்துத் தேதியைப் போட்டேன். தகுதி உண்டு என்று போட்டுத் 'தொடர்' அழுத்தியதும் போயே போய்விட்டது. பதின்மூன்று குரலையும் இப்படி ஓட்டினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. தப்பு வந்தால்கூடக் கண்டுபிடிக்கலாம், வராத தப்பை எங்கே போய்த் தேடுவது?

அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு சேர்ந்து தேடினாள். "ஏஐ இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். மலைப் பேச்சு வேற. அன்னிக்கு அதுக்கு புத்தி மாறியிருக்கும்," என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்குத் தலைவலி என்று மாத்திரைகூட வாங்கி வந்தாள்.

ஓட்டம் நிற்கும்போது ஒரு பிரதியும் தொடரும்போது ஒரு பிரதியும் தானாகச் சேமிக்கும்படி நாங்களே செய்து வைத்திருந்தோம். இரண்டாம் நாள் மதியம்தான் எனக்கு அது உறைத்தது. புதிதாக ஓட்டி ஓட்டிப் பார்த்தேனே தவிர, அன்றைக்கு நடந்த அசல் ஓட்டத்தின் பிரதிகளை நான் எடுக்கவேயில்லை. அவள் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். நின்றபோது தேதிக் கட்டம் காலி. தொடர்ந்தபோதும் காலி. தேதியை யாரும் போடவேயில்லை. தகுதி இல்லை என்று மட்டும் போட்டிருந்தது. பதின்மூன்றுக்கும் அதேதான். போட்டவர் என்ற இடத்தில் என் பெயர். நேரம், நான் மலையில் இருந்த இரண்டாம் நாள் காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் சான்றிதழ் என் கையில் இருந்தது. தேதிகளை நான் அவளுக்கு அனுப்பியதே சாயங்காலம்தான்.

அவள் வந்ததும் திரையைக் காட்டினேன். "இன்னாடி இது?"

பார்த்தாள். அது என்ன என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை, அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"அன்னிக்கு மதியம் தொண்டு நிறுவனத்து ஆளுங்க நம்ம வேலைய பாக்க வந்தாங்க. நின்னுக்கினு இருக்கறதெல்லாம் செவப்பா தெரியும். ஒண்ணும் செவப்பா இருக்கக் கூடாதுன்னு மேனேஜர் பறந்துக்கினு இருந்தாரு. தேதி இல்லாம தகுதி உண்டுன்னு போட்டா அது நவுராது. இல்லன்னு போட்டா ஒரே அமுக்கு. அப்புறமா தொறந்துக்கலாம்னு நெனச்சேன். தொறக்க முடியல."

"அப்ப சாயங்காலம் போட்டுடறேன்னு ஏன் சொன்ன?"

கழுவிய பாத்திரத்தைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"ரெண்டு நாளா நான் பைத்தியக்காரி மாதிரி மிஷின கொடஞ்சுக்கினு இருக்கறேன். பக்கத்துலதான இருந்த?"

"உன் புள்ளைக்கு காய்ச்சல்னு ஒரு வாரம் வராம இருந்தியே, அப்ப உன் பேர்ல பூந்து உன் வேலையெல்லாம் யாரு பாத்தா? அப்ப மட்டும் இனிச்சுதா?" என்றாள்.

அது உண்மை. அதனால்தான் இன்னும் எரிந்தது. மலையில் நான் வியர்வை வழிய நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் செய்ததைக்கூட, பயத்தில் செய்தாள் என்று ஒருநாள் மன்னித்திருப்பேன். அந்த இரண்டு நாள்தான் எனக்கு ஆறவில்லை. இல்லாத தப்பை நான் தேட, அதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் தேடு என்று கை காட்டினாளே. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இவள் குழியையும் பறித்துவிட்டு, விளக்கு பிடித்து என்னை அங்கே கூட்டிப் போனாள்.

மேனேஜரிடம் சொன்னேன். "பாஸ்வேர்ட குடுத்தது உங்க தப்புங்க. வெளிய போச்சுன்னா ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது," என்றார். போனால் போகட்டும் என்று தொண்டு நிறுவனத்துக்கு நானே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். இடமெல்லாம் நிரம்பி வகுப்பும் தொடங்கியாகிவிட்டது, அடுத்த வருஷம் பதின்மூன்று பேரையும் முதலில் பார்க்கிறோம் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அடுத்த வருஷத்தைப் பற்றிச் சொல்வதற்காக மட்டும் போகவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். மகள் கேரளாவுக்கு வண்டியேறி நாலு நாளாகிவிட்டது.

"உங்க பொண்ண தள்ளுனது நான் இல்லீங்க," என்றேன். "எங்க ஆபீசுல வேற ஒருத்தி என் பேர்ல பூந்து அமுக்கிட்டா. எனக்குத் தெரியவே தெரியாதுங்க. அது என் கண்ணுலயே படல."

அவர் கல்லைக் கீழே வைத்தார். "நீ பாக்கவே இல்லயா?"

"இல்லீங்க."

"அவளாவது பாத்தாளா?"

"இல்லீங்க. சும்மா அமுக்கியிருக்கா."

என் முகத்தைப் பார்க்காமலே அவர் பேசினார்.

"மிஷினு கோளாறுன்னு நீ சொன்னது எனக்கு ஆறுதலுக்குன்னு நெனச்சேன். அவ அழுதுக்கினே கெடந்தா. அந்த ஆபீசம்மா நம்மூட்டுக்கு வந்து எல்லாத்தையும் படிச்சிப் பாத்துட்டுதான் பத்தலன்னு சொல்லியிருக்குது, உன் மேல கொற இல்ல, இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கணும்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். சரிம்மான்னு தெளிஞ்சி போனா. இப்ப யாருமே பாக்கலன்னு அவகிட்ட எப்பிடி சொல்வேன்?"

மதிய ஜீப் போய்விட்டிருந்தது. அடுத்தது வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதுவரை அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.