கிழக்கு வழியாக அமெரிக்கா

எங்கள் வீட்டில் யார் எங்கே போவதாக இருந்தாலும் டிக்கெட் போடுவது நான்தான். திருச்சிக்கு பஸ்ஸோ, திருப்பதிக்கு ரயிலோ, "நீதான் கரெக்டா பாப்பே" என்று ஒரு பாராட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளாளுக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மகளை அமெரிக்காவில் ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப்போவது என்று முடிவான அன்றும் அதையேதான் சொன்னார்கள்.

மகளுக்குப் பத்து வயது. அந்தப் பார்க்கில் இருக்கும் பெரிய ரோலர் கோஸ்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும் என்று இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா கண்ணை மூடிப்பார். நீதாம்மா வரணும்" என்பாள். எனக்கும் அது ஒன்றுதான் ஆசை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட், இரண்டுக்கும் நடுவில் ஸ்கூட்டர். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை மேனேஜர் கொடுத்துவிட்டார். தேதி மாற்றிக் கேட்டால் கிடைக்காது என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கணவர், மகள், மாமனார், நான் என்று நாலு பேர். நேர் விமானம் கிடையாது, நடுவில் எங்காவது இறங்கி ஏற வேண்டும். எங்கே என்பதுதான் தலைவலி. மாமாவுக்கு முட்டி வலி, ஒரு மணி நேரத்தில் அடுத்த விமானத்துக்கு ஓட முடியாது. கணவருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் கோபம் வரும். மகளுக்கு ஜன்னல் சீட். மாமாவின் சாப்பாட்டில் முட்டை வாசனைகூட இருக்கக் கூடாது. ஆபீஸில் மதிய சாப்பாட்டு நேரமெல்லாம் இதிலேயே போனது. ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் போன். மண்டை காய்ந்துவிட்டது.

ஒரு வழியாகத் துபாய் வழியில் எல்லாம் பொருந்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பலாம். மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் நாட்காட்டியைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை மேற்கே சூலம்மா. அமெரிக்கா மேற்கேதானே இருக்கு?"

சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குப் பயணம் கிளம்பக் கூடாது. பக்கத்து ஊருக்கே பார்ப்பவர், கடல் தாண்டிப் போகும்போது விடுவாரா? ஆனால் கணவருக்குச் சனிக்கிழமைதான் வேலை முடிகிறது, என் லீவோ மறுநாள் தொடங்கிவிடுகிறது. பத்து நாளில் ஒன்றை வீணாக்க மனசில்லை. கணவரைப் பார்த்தேன். "அப்பா மனசு கஷ்டப்படாம நீயே ஏதாவது பாரேன்" என்று சொல்லிவிட்டு டீவியைப் போட்டார்.

எனக்கு வந்ததே ஒரு யோசனை! "மாமா, உலகம் உருண்டைதானே? கிழக்கே போனாலும் அமெரிக்கா வந்துடும்."

மாமா மறுபடி நாட்காட்டியைப் பார்த்தார். "கிழக்கே சூலம் திங்கள், சனிதான். ஞாயித்துக்கிழமை தாராளமாப் போலாம்" என்றார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, ஜப்பான் வழியாக நாலு டிக்கெட் போட்டேன். நடுவில் ஏழு மணி நேரம் இடைவெளி. மாமாவின் முட்டிக்கு அது நல்லது என்று கணவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இனிமேல்தான். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, இன்சூரன்ஸுக்காகவும் மாமாவுக்கு வீல்சேர் சொல்லவும் பாடி மேம்பாலம் பக்கத்தில் இருக்கும் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா மேடம் இது? ஒரு ஏர்போர்ட்ல எறங்கி இன்னொரு ஏர்போர்ட்ல ஏறணும்னு கீது?"

"ரெண்டும் ஒரே ஊருதானே?"

"ஊரு ஒண்ணுதான் மேடம். வெளிய வந்து பஸ்ஸு புடிச்சிகினு போணும். வெளிய வர்றதுக்கு அந்த நாட்டு விசா ஓணும். கீதா?"

இல்லை. வாங்க நாளும் போதாது. எத்தனை தடவை பார்த்த டிக்கெட்! ஊர் பெயரைப் பார்த்தேனே தவிர விமான நிலையத்தின் பெயரைப் பார்க்கவில்லை. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பாவம், அந்த மனிதர் ஒரு மணி நேரம் தேடினார். அதே ஞாயிறு, அதே துபாய் வழியில் மூன்று சீட்டுதான் இருந்தது. நாலாவது சீட் எந்த வழியில் பார்த்தாலும் அடுத்த ஞாயிறுதான். அதில் போனால் நான் போய்ச் சேரும்போது இவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மாமாதான் முதலில் பேசினார். "நான் வரலை. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"அதெல்லாம் முடியாது, நீங்க வந்தே ஆகணும்" என்றார் கணவர். நானும் சொன்னேன். மாமா மறுபடி மறுத்தார். மறுபடி வற்புறுத்தினோம். மூன்றாவது தடவை, "சரி, உங்க இஷ்டம்" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லாமே இப்படித்தான். விருந்துக்குப் போன வீட்டில் இன்னொரு இட்லி வைக்க வந்தால் இலையின் மேல் கையை நீட்டி மறைப்போம். வைத்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் மறைப்போம்.

"ஞாயித்துக்கிழமை மேற்கே சூலமாச்சே மாமா?" என்றேன்.

"அது பரவால்லம்மா. துளி வெல்லம் வாயில போட்டுட்டுக் கிளம்பினா தோஷம் போயிடும்."

அடப்பாவமே! இந்த வெல்லத்தை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அப்ப நான் இருந்துக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டுக் கணவர் முகத்தைப் பார்த்தேன்.

"நிஜமாவா? அதுவும் சரிதான். உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைச்ச மாதிரி இருக்கும்" என்றார். மாமா தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்துபோனது. டியூஷனிலிருந்து வந்த மகள் அழுதாள். "அம்மாவுக்கு உடம்பு அசதியா இருக்குடா" என்று அவளைச் சமாதானப்படுத்தியவளும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வெல்லம் தின்றுவிட்டுப் போனார்கள். நான் முதல் இரண்டு நாள் தூங்கினேன். அசதி பொய்யில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மாமாவிடமிருந்து போன் வந்தது. அங்கே காலை. அப்பாவும் பெண்ணும் ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்பதாகவும், தான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார்.

"ஏம்மா, அன்னிக்கு நீ நிஜமாவே வரலேன்னுதான் சொன்னியா? இல்ல, நாங்க வற்புறுத்துவோம்னு சொன்னியா?"

"நிஜமாத்தான் மாமா. எனக்கு ரெஸ்ட் வேண்டியிருந்தது."

"அப்பாடா. இப்பதாம்மா எனக்கு நிம்மதி" என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். இன்னொரு தடவை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள், கேட்டபோதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.